சோடி

(கிளிநொச்சி உருத்திரபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தை. பாயில் டீஜேமார் பாட்டுப் போடும் மூன்று சீடி டெக்குகள். மாமா இரணைமடுக் குளத்துத் தண்ணியில் கமம் செய்பவர். போன போகம் நெல் விற்ற காசு அவரிடம் இருக்கிறது. மருமோன் டீஜே, அவரிடம் காசு இல்லை. மூன்று டெக்கும் கரண்டில் இருக்கின்றன. இடப்பக்கத்தது மட்டும் மருமோன் கொண்டுவந்த ஒரு பெட்டி வழியாக ஓடுகிறது, உள்ளே ஒரு கடைச் சீடி. சாமான்காரர் "பின்னேரம் வாறன், பாத்து வையுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.)

மாமா: மூண்டும் கறுப்பாத்தான் கிடக்கு. இதிலை எது நல்ல சாதி?

மருமோன்: இடப்பக்கம் பயனியர் சிடிஜே-1000 எம்கே3. 2006இலை வந்தது. நடுவிலை டெனான் டிஎன்-எஸ்3700. அங்காலை பெரிய திரையோடை கிடக்கிறது பயனியர் சிடிஜே-2000, அது 2009.

மாமா: எத்தினை மணித்தியாலம் ஓடினது? மீற்றர் எங்கை?

மருமோன்: வெளியிலை மீற்றர் ஒண்டும் இல்லை மாமா. இது லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் இல்லை.

மாமா: மீற்றர் இல்லாட்டி பல்லைப் பிடிச்சுப் பாக்கோணும். மாட்டுக்குப் பல்லு. உதுக்கு என்ன?

மருமோன்: (யோசித்து) கியூ பட்டன்.

மாமா: எது?

மருமோன்: இந்தா, மூலையிலை கிடக்கிற வட்டப் பட்டன். பாட்டை நிப்பாட்டி வைச்சிட்டு இதை அமத்தினா அந்த இடத்தை டெக் ஞாபகம் வைச்சிருக்கும். பேந்து அமத்திப் பிடிச்சா அங்கையிருந்து பாடும். கையை எடுத்தா ஓடிவந்து அந்த இடத்திலேயே நிக்கும். டீஜே விடியவிடிய இதைத்தான் குத்துவான். உள்ளுக்கை இருக்கிறது சின்ன சுவிச், முதல்லை தேயிறதும் அதுதான். தேஞ்சுதெண்டா ஒருக்கா அமத்த ரெண்டுதரம் பாடும், இல்லாட்டி நகத்தாலை குத்தினாத்தான் கேக்கும்.

மாமா: விலகு. (பட்டனை அமத்தத் தொடங்குகிறார்.) ஒண்டு... ரெண்டு... மூண்டு...

மருமோன்: ஐம்பது போதும் மாமா. ஒவ்வொரு தரமும் ஒரேமாதிரி வரோணும், அவ்வளவுதான்.

மாமா: ...பதினேழு... தவறினா என்ன, தள்ளிவிடுறதோ?

மருமோன்: இல்லை. சுவிச் மலிவுச் சாமான். ஈயத்தை உருக்கிக் கழட்டிப்போட்டுப் புதுசு வைக்கலாம். விலை பேசேக்கை சொல்லத்தான் அது உதவும்.

மாமா: இருபத்தாறாவது சறுக்கினது. எழுதி வை.

மருமோன்: சறுக்கேல்லை. உங்கடை விரல்லை தேத்தண்ணி.

மாமா: எழுதி வை எண்டு சொன்னன். அதைவிடு, நடுவிலை கிடக்கிறது தானாச் சுத்துது. மற்றது ரெண்டும் செத்துக் கிடக்கே?

மருமோன்: டெனான்ரை தட்டுக்கு மோட்டார் கிடக்கு. 9 அங்குலம், மேலை உண்மையான இசைத்தட்டு. பழைய கிராமபோன் மாதிரிக் கையை வைச்சு இழுத்தா இழுபடும். பாட்டை முன்னுக்குப் பின்னுக்கு இழுத்துக் கீச்சிட வைச்சு ஸ்கிராச் பண்ணுறவனுக்குச் சொர்க்கம். பயனியர்ரை தட்டு சுத்தாது. மேற்பக்கம் தொட்டா மட்டும் உணரும். அப்ப பாட்டு நிக்கும், திருப்பினா திரும்பும். விளிம்பைத் திருப்பினா வேகம் கொஞ்சம் கூடிக் குறையும்.

மாமா: சுத்தாத தட்டிலை பாட்டு எங்கை நிக்குதெண்டு எப்பிடித் தெரியும்?

மருமோன்: நடுவிலை வட்டமா ஒரு வெளிச்சம் ஓடும். சீடியிலை பாட்டைப் பிரேம் எண்டு சின்னத் துண்டாப் பிரிச்சிருக்கு, ஒரு செக்கனுக்கு 75 பிரேம். வெளிச்சத்தின்ரை ஒரு சுத்துக்கு 135 பிரேம். அப்ப ஒரு சுத்துக்கு 1.8 செக்கன். நிமிசத்துக்கு 33⅓ சுத்துற இசைத்தட்டுக்கும் அதே கணக்குத்தான்.

மாமா: (மனதுக்குள் கணக்குப் பார்த்து) சரியாத்தான் வருது. அப்ப எங்களுக்கு மோட்டார் வேணுமோ?

மருமோன்: நாங்கள் போறது சாமத்தியவீடு, கலியாணவீடு, பிறந்தநாள். அங்கை ஒருத்தரும் ஸ்கிராச் கேக்கிறேல்லை, "அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடு" எண்டுதான் கேக்கிறவை. மோட்டார் எண்டா பாரம், செம்மண் தூசு போக இன்னொரு இடம், பழுதாக இன்னொரு சாமான். நான் எண்டா வேண்டன். தொட்டாத்தான் நிக்குதோ எண்டு மட்டும் வடிவாப் பாக்கோணும். தொடாமலே நிண்டா, இல்லாட்டி அறைஞ்சாத்தான் நிண்டா, தட்டுக்குக் கீழை தொடுகையை உணருற மெல்லிய தகடு பழுதாப் போச்சு.

(மாமா தட்டை ஓங்கி அறைகிறார்.)

மருமோன்: அறையச் சொல்லேல்லை!

மாமா: அறைஞ்சா நிக்குதோ எண்டு பாத்தன். நிக்குது. இந்த நீட்டுப் பிடி என்னத்துக்கு? கியரோ?

மருமோன்: வேகப்பிடி. எம்கே3இலை நாலு அளவு: 6, 10, 16 வீதம், பிறகு வைட் எண்ட ஆகப் பெரிய அளவு. நிமிசத்துக்கு 120 அடிப் பாட்டோடை 124 அடிப் பாட்டைச் சேக்கிறதெண்டா 120ஐ 3.33 வீதம் ஏத்தோணும். 6இலை வைச்சா ஒரு படி 0.02 வீதம். 10, 16 எண்டா 0.05. வைட்டிலை 0.5.

மாமா: புள்ளிக்குப் பின்னாலை போறதெல்லாம் சல்லிக்காசுதானே, விடு.

மருமோன்: விடேலாது மாமா. 120 அடிப் பாட்டு நாலு நிமிசம் ஓடினா 480 அடி. 0.02 பிசகினா முடிவிலை அடியிலை பத்திலொரு பங்கு விலகும், ஒருத்தருக்கும் தெரியாது. வைட்டிலை வைச்சு ஒரு படி பிசகினா ரெண்டு அடிக்கு மேலை விலகும். ரெண்டு மேளகாரர் சண்டை பிடிச்ச மாதிரிக் கேக்கும். அதுதான் பொடியளுக்குச் சொல்லுறது: அளவைச் சின்னனா வை, பிடியை மெல்ல இழு.

மாமா: சண்டையிலும் ஆக்கள் ஆடுவினம்.

மருமோன்: அது நீங்கள் ஆடுறது. பிடியை ஒரு இடத்திலை விட்டிட்டு திரையைப் பாருங்கோ. இலக்கம் துள்ளினா உள்ளுக்கை தூசு. நடுவிலை கொண்டுவந்தா 0.00 காட்டோணும்.

மாமா: காட்டுது. டேய், வேகத்தைக் கூட்டினா பாடுறவளின்ரை குரல் சுண்டெலி மாதிரிப் போகாதோ?

மருமோன்: போகும். 6 வீதத்துக்குச் சுருதி கிட்டத்தட்ட அரை சுரம் ஏறும். அதுக்குத்தான் மாஸ்ரர் டெம்போ பட்டன். வேகம் மாறும், சுருதி நிக்கும். ஆனா பழைய பாட்டுக்கு எப்பவும் போட்டு வைக்காதேங்கோ, மேளச்சத்தம் கொஞ்சம் கரகரக்கும். அதோடை பழைய சினிமாப் பாட்டெல்லாம் ஆக்கள் கையாலை அடிச்சது, நடுவிலை வேகம் மாறும். பிடியை எவ்வளவு சரியா வைச்சாலும் விளிம்பைத் தடவித் தடவித்தான் கொண்டுபோகோணும். பைலா எண்டா இன்னும் கரைச்சல். அது ஆறுக்கு எட்டு. அடியை எண்ணிக் காட்டுற இலக்கத்தை நம்பினா நடுக்கடல்லை விட்டிடும். காதாலைதான்.

மாமா: அப்ப மிசின் எண்ணாது, நீ எண்ணோணும், காசு நான் தாறது. நல்ல ஒழுங்கு. உந்தப் பெட்டி என்னத்துக்கு? நேராச் சுவரிலை குத்திப் பாப்பம்.

(எம்கே3இன் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி எடுத்துச் சுவர்ப் பிளக்கை நோக்கிப் போகிறார்.)

மருமோன்: மாமா! நில்லுங்கோ! பின்பக்கத் தகட்டை வாசியுங்கோ.

மாமா: ...ஏசி... நூறு வி.

மருமோன்: நூறு வோல்ட். இது ஜப்பானுக்குள்ளை விக்கச் செய்தது. எங்கடை சுவரிலை 230. குத்தினீங்களெண்டா ஒரு "டப்". பியூஸ் மட்டும் போனா உங்கடை அதிர்ஷ்டம். ஜப்பானிலை இருந்து வாற பழைய சாமான் எதெண்டாலும் முதல்லை தகடு, பேந்துதான் பிளக்.

மாமா: (வயரை மெல்லக் கீழே வைத்து) எழுதி வை. நூறு வோல்ட். விலை குறையோணும்.

மருமோன்: அது நியாயம். அதுக்குத்தான் 230ஐ 100 ஆக்கிற இந்த ட்ரான்ஸ்போமர்ப் பெட்டியைக் கொண்டந்திருக்கிறன். ஒரு டெக்குக்கு 100 வாட் எண்டது தாராளம். 110 தாற பெட்டியும் கடையிலை கிடக்கும், அதை வேண்டக் கூடாது. பெட்டியிலை 100 எண்டு இருக்கோணும்.

மாமா: ரெண்டு டெக்கின்ரை பாட்டையும் சேக்கிற மிக்சரிலை எந்த ஓட்டை? போனோ எண்டு ஒண்டு கிடக்கு. போனுக்கோ?

மருமோன்: அது இசைத்தட்டு ஊசிக்கு. ஊசியிலை இருந்து வாற சத்தம் மெலிசு, மிக்சர் அதைப் பெருப்பிச்சு அடிச்சத்தத்தையும் ஏத்தும். சீடி டெக்கை அதிலை குத்தினா சத்தம் உடைஞ்சு கரகரக்கும். லைன்லை குத்துங்கோ.

மாமா: இந்தக் காலத்திலை எல்லாரும் யூஎஸ்பி பென்னைக் குத்துறாங்கள். உனக்கேன் இன்னும் சீடி?

மருமோன்: சிடிஜே-2000இலை பென் குத்தலாம், எஸ்டி காட்டும் போடலாம். பென்னை ஃபாட்32 எண்ட முறையிலை ஃபோமட் பண்ணினாச் சரி. என்டிஎஃப்எஸ் முறை எண்டா அந்த டெக்குக்குக் கண் தெரியாது. 2020இலை வந்த சிடிஜே-3000இலை சீடி வாயே இல்லை. எம்கே3இலை பென்னுக்கு இடமில்லை. ஆனா எம்பி3 எழுதின சீடி வாசிக்கும். 320 கிலோபிட்டிலை ஒரு நிமிசத்துக்கு 2.4 எம்பி, 700 எம்பி சீடியிலை நாலு நிமிசப் பாட்டு எழுபதுக்கு மேலை பிடிக்கும். ஓடியோ சீடியா எழுதினா 80 நிமிசம், இருபது பாட்டு.

மாமா: அப்ப பெரிய திரைக்காரனை வேண்டுவம். விலை கூடத்தான்.

மருமோன்: ஒண்டுதானே கிடக்கு மாமா. டீஜேக்கு ரெண்டு வேணும். ஒண்டு பாட, மற்றதிலை அடுத்ததை ஆயத்தம் பண்ணோணும்.

மாமா: மற்றப்பக்கம் டெனானைப் பூட்டு.

மருமோன்: இருட்டிலை, புகைக்குள்ளை, இடக்கை ஒரு இடத்திலை கியூவைத் தேடும், வலக்கை வேறை இடத்திலை. ஒண்டிலை தட்டுச் சுத்தும், மற்றதிலை சுத்தாது. தடக்குப்படும்.

மாமா: (நெடுநேரம் பேசாமல் இருந்து) ஓமோம். எருதையும் எருமையையும் ஒரு நுகத்திலை பூட்டேலாது. இழுவை வேறை. சோடி வேணும்.

மருமோன்: அதைத்தான் காலமை தொடக்கம் சொல்ல நினைக்கிறன். சாமான்காரரிட்டை இன்னொரு எம்கே3 கிடக்காம். சிடிஜே-2000 ரெண்டு எண்டா லான் வயராலை தொடுத்து ஒரே பென்னிலை ரெண்டும் பாடும், அது நல்ல வசதி. ஆனா ஒரு 2000ஐவிட ரெண்டு எம்கே3 எங்களுக்குப் பிரயோசனம்.

மாமா: அப்ப இந்த எம்கே3க்குக் கண் பரிசோதனை செய்.

மருமோன்: இந்தச் சீடி வீட்டிலை எழுதினது, விளிம்புமட்டும் நிரப்பினது. கடைச் சீடியைக் கிழட்டு லேசரும் வாசிச்சிடும். எழுதின சீடியிலை வெளிச்சம் குறைவாத்தான் திரும்பும், அதிலும் கடைசிப் பாட்டு விளிம்பிலை. அதுமட்டும் தடக்காமப் போனா கண் நல்லது. நான் ட்ரான்ஸ்போமரைத் திரும்பப் பூட்டி, உள்ளுக்கை கிடக்கிற கடைச் சீடியை எடுக்கிறன், நீங்கள் இந்தச் சீடியைப் போடுங்கோ. கையாலை தள்ளாதேங்கோ, அது தானா இழுக்கும்.

(மருமோன் குனிந்து வயரைப் பூட்டிக் கடைச் சீடியை எடுக்கிறார். மாமா உள்ளே போய் வருகிறார். டெக் சீடியை இழுக்கிறது. உள்ளே ஒரு சிணுங்கல். திரையில் ஒன்றும் வரவில்லை.)

மருமோன்: வாசிக்குதில்லை. ஏன்?... மாமா, என்ன மணக்குது?

மாமா: ஒண்டுமில்லை. எங்கடை வீட்டுக்கு முதன்முதல் வந்த சாமான். சந்தனம் ஒரு பொட்டு வைச்சன்.

மருமோன்: எதிலை?

மாமா: சீடியிலை. மினுங்கிற பக்கம்தானே முகம்?

மருமோன்: மாமா!

(வெளியே தள்ளும் பட்டனை அமத்துகிறார். வரவில்லை. வயரைக் கழற்றுகிறார்.)

மாமா: இனி உடைக்கோணுமோ?

மருமோன்: இல்லை. சுத்தினது நிக்கட்டும், ஒரு நிமிசம் பொறுங்கோ. வாய்க்குப் பக்கத்திலை ஒரு ஊசி ஓட்டை கிடக்கு. இந்தக் கம்பியை நேரா விட்டுத் தள்ளினா... இந்தா, நுனி எட்டிப் பாக்குது. மெல்ல இழுங்கோ. இனித் துணியாலை துடையுங்கோ. ஐயோ, ஆராத்தி மாதிரிச் சுத்தாதேங்கோ!

மாமா: பேந்து எப்பிடி?

மருமோன்: நடுவிலை இருந்து விளிம்புக்கு, நேரா. பாட்டு வட்டமா எழுதிக் கிடக்கு. குறுக்கை விழுந்த கீறலை டெக் கணக்குப் போட்டு நிரப்பிப்போடும். வட்டத்தோடை போன கீறல் எண்டா அந்த இடத்துப் பாட்டு முழுக்கப் போச்சு. அதுசரி, சீடியைத் துடைக்கலாம். லென்சிலும் தெறிச்சிருக்கும். மூடியைக் கழட்டி, ஐசோபுரோபைல் அற்ககோலைப் பஞ்சிலை தொட்டு, அமத்தாமத் துடைக்கோணும். லென்ஸ் மெல்லிய கம்பியளிலைதான் தொங்குது, அமத்தினா அதுவும் போச்சு.

(படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம்.)

மாமா: சாமான்காரன் வந்திட்டான். எங்கை, நீ எழுதினதை வாசி.

மருமோன்: கியூ இருபத்தாறாவது தரம் சறுக்கினது. நூறு வோல்ட்.

மாமா: மூண்டாவது எழுது. எழுதின சீடி வாசிக்குதில்லை.

மருமோன்: மாமா, அது நீங்கள் வைச்ச சந்தனம்! டெக் திறந்த உடனை கோயில் மாதிரி மணக்குது, அவருக்கு மூக்கில்லையோ?

மாமா: மணக்கட்டும். உது ஜப்பானிலை கிளப்பிலை ஓடினதில்லை, எங்கையோ கோயில்லை ஓடினது எண்டு நான் அவனிட்டைக் கேக்கப் போறன். நீ வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி கொண்டா.