கமென்ட்டை லாக் ஆக்க வேண்டாம்

எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவருக்குப் புது ஆசை. பைதான் என்ற நிரல்மொழியில் எழுதும் ஸ்கிரிப்டில் கமென்ட்டுகள் உண்டு; படிக்கிற மனிதருக்காக மட்டும் எழுதும் குறிப்புகள் அவை. அந்தக் கமென்ட்டுகளையே, ஸ்கிரிப்ட் ஓடும்போது லாக் வரிகளாக, அதாவது என்ன நடந்தது என்று பதிவாகும் வரிகளாக, விழச் செய்துவிடலாம் என்கிறார். ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும் என்பது அவர் கேள்வி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒப்பவில்லை.

யோசனை பழையது. பேர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியில் டேமியன் கான்வே எழுதிய ஸ்மார்ட் கமென்ட்ஸ் என்ற மாட்யூல் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல்) இதைத்தான் செய்கிறது. அதை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்தால், மூன்று # குறியோடு தொடங்கும் கமென்ட்டுகள் எல்லாம் பேசத் தொடங்கிவிடும். பேர்ல் நிரலைத் தொகுப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி புகுந்து, கமென்ட்டை அச்சிடும் கட்டளையாக மாற்றிவிடுகிறது. வேரியபிளின் (நிரல் மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரின்) மதிப்பைக் காட்டும். திரும்பத் திரும்ப ஓடும் லூப் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றும் காட்டும். அந்த ஒரு வரியை எடுத்தால் மீண்டும் வெறும் கமென்ட்டுகள். பிழை தேடும் நேரத்துக்கு அருமையான வசதி, மறுக்கவில்லை. ஆனால் அதில் அசெர்ட் என்று தொடங்கும் கமென்ட், நிபந்தனை தவறினால் நிரலையே நிறுத்திவிடும். கமென்ட்டைத் தொட்டால் நிரல் மாறாது என்ற நம்பிக்கையில்தானே நாம் எல்லோரும் குடித்தனம் நடத்துகிறோம்!

பைதானில் கமென்ட்டுகள், நிரலைப் படித்து மொழி தனக்குள் கட்டிக்கொள்ளும் தொடரியல் மரம் வரைக்கும் வருவதே இல்லை. மூலக் கோப்பைத் தனியாகப் படித்துத்தான் அவற்றைப் பொறுக்க வேண்டும். லாக் எழுதுவதற்கென்றே உள்ள லாகிங் மாட்யூலோ 2003-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து மொழியோடு கூடவே வருகிறது.

அதெல்லாம் கிடக்கட்டும். என் மறுப்பு வேறு. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி. வேறு யாரோ எழுதிக்கொடுத்த அவருடைய ஸ்கிரிப்ட் எங்கள் கைக்கு வந்தது. இரவில் கடை இருப்பையும் கிடங்கு இருப்பையும் சரிசெய்வது அதன் வேலை. கமென்ட்டுகள்தான் லாக். 'திரும்பி வந்த சரக்கைக் கிடங்கில் சேர்க்கிறோம்' என்று தினமும் தேதி, மணியோடு விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த நிரலை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அது சரக்கைக் கடைக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. தீபாவளி நெருக்கத்தில் கணக்குப்பிள்ளை லாக்கைக் காட்டி, "இதோ எழுதியிருக்கிறதே, சரக்கு எங்கே?" என்று கிடங்குப் பையன்களைக் குடைந்தெடுத்துவிட்டார். பழைய கமென்ட் நிரலுக்குள் இருந்தவரை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. லாக்கில் ஏறியதும் தேதியிட்ட சாட்சியாகிவிட்டது.

கையால் எழுதிய லாக் வரியும் பழையதாகிப் போகலாமே என்று தம்பி கேட்டார். போகலாம். ஆனால் சரக்கு சேர்ந்த இடத்தை வேரியபிளிலிருந்தே எடுத்து அச்சிட்டிருந்தால், 'கடை' என்று முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். கமென்ட்டுக்குள்ளும் வேரியபிளை வைக்கலாம் என்கிறார். வைக்கலாம்தான். அப்படி வைத்தபின் அது லாக் வரிதான். ஏன் இப்படிச் செய்தோம் என்று விளக்கும் கமென்ட்டைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். உழைப்பில் என்ன மிச்சம்?

தன் மடிக்கணினியில் வைத்து விளையாடட்டும், வாடிக்கையாளர் சர்வருக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "கமென்ட்டைத் திருத்தாதது எழுதியவர் குற்றம்தானே அண்ணே?" என்று இன்னும் முனகுகிறார். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். திட்டு வாங்கியவர்கள் கிடங்குப் பையன்கள்.