டோட்டல் லாஸ் ஆன வண்டி: அந்த ஒரு லட்சம் எங்கே குறைந்தது?

செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்கள் நம்ம குமரி மாவட்டத்தில் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "வண்டி டோட்டல் லாஸ் ஆனதாம். நல்லா வேலை பாத்து வச்சிருக்காவ, பளபளன்னு இருக்கு. மார்க்கெட் விலையிலயிருந்து ஒரு லட்சம் குறைச்சுத் தாறேன்னு புரோக்கர் சொல்லுகாரு. எடுக்கலாமா?"

எல்லா டோட்டல் லாஸ் வண்டியும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

விபத்தான வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி.யில் (வண்டிக்கு இவ்வளவு மதிப்பு என்று கம்பெனி குறிக்கும் தொகை) 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸாக முடிக்கும். இது முழுக்க ரூபாய்க் கணக்கு. வண்டி எவ்வளவு நசுங்கியது என்பதை இந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐ.டி.வி. வருஷா வருஷம் இறங்கும். இரண்டு வயது தாண்டினால் 30 சதவீதம், நாலு வயது தாண்டினால் 50 சதவீதம் கழித்துப் போடுவார்கள். அதனால் வயசான வண்டி முன்பக்கம் ஒரு தடவை நன்றாக இடித்தாலே போதும். பானட், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர், இரண்டு ஏர்பேக், டேஷ்போர்டு என்று ஷோரூமில் எஸ்டிமேட் போடும்போதே வரம்பு தாண்டிவிடும். அதே இடி புது வண்டிக்கு விழுந்திருந்தால் சாதாரண கிளெய்மாக முடிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.டி.வி. 2,40,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 75 சதவீதம் 1,80,000. ஷோரூம் எஸ்டிமேட் 1,90,000 வந்தது. ஓனருக்குப் பணம் செட்டில் ஆகிறது, நசுங்கிய வண்டி ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவர் வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டு 90,000 ரூபாயில் வண்டியை ரோட்டில் இறக்கிவிடுகிறார். 1,90,000 ரூபாய் வேலை 90,000-ல் எப்படி முடிந்தது? வண்டி பார்க்கப் போகிற இடத்தில் மனசில் ஓட வேண்டியது இந்த ஒரே கேள்விதான். வெளியில் லேபர் குறைவு. பழைய ஸ்பேர் விற்கிற சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பானட், பழைய கதவு வந்திருக்கும். இதில் எல்லாம் தப்பே இல்லை. மீதிப் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்.

அதில் முதல் இடம் ஏர்பேக். ஏர்பேக் ஒரு தடவை விரிந்தால் பையை மட்டும் மாற்றினால் போதாது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், முன் சீட் பெல்ட் இரண்டு, கிழிந்த டேஷ்போர்டு, உடைந்திருந்தால் முன்பக்க சென்சார் எல்லாமே சேர்த்து மாற்ற வேண்டும். செலவு அதிகம், மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும். அதனால் முதலில் கைவைப்பதும் இங்கேதான். டேஷ்போர்டை ஒட்டித் தைத்து, உள்ளே வெறும் கூடாக விட்டு, ஏர்பேக் கனெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிடுவார்கள். பை இருப்பதாகவே கன்ட்ரோல் யூனிட் நினைத்துக்கொள்ளும், ஸ்கேனரும் ஏமாந்துவிடும்.

சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒன்றாக அணைகிறதா? வயரை அங்கே கொண்டுபோய்க் கோத்திருக்க வாய்ப்புண்டு. விளக்கு ஒழுங்காக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். ஏர்பேக் விரிந்த வண்டியில் பெல்ட் இன்னும் பழைய தேதியிலேயே இருந்தால், அந்த பெல்ட்டும் தன் வேலையை ஒரு தடவை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் சுருண்டு உள்ளே போகாமல் தொங்குவதும், கொக்கி உராய்ந்து நாடா மினுங்குவதும் அதற்கு அடையாளம். ஸ்டீயரிங் பேடைக் கழற்றிப் பார்ப்பதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். பேட்டரி வயரை எடுத்து, சில நிமிஷம் விட்டுத் தெரிந்த மெக்கானிக்தான் அதில் கைவைக்க வேண்டும்.

அடுத்தது பாடி. டோர் ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் கழன்று வரும், திரும்ப அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நடு பில்லர், அதாவது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் நிற்கிற தூண் பக்கம் ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். தகடுகள் சேருகிற விளிம்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரிய வேண்டும். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டு அது. குழியே இல்லாமல் வழவழப்பாக இருந்தாலோ, பெயிண்டுக்கு அடியில் மெழுகு உருகி உறைந்த மாதிரி மேடு தட்டினாலோ அந்த பில்லரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கதவிலும் அதே இடத்தைப் பாருங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும். பானட்டுக்குள் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஏப்ரன் தகட்டிலும், இன்ஜினைத் தாங்கி முன்னால் நீளும் இரண்டு சேசிஸ் கால்களிலும் இதையே தேடுங்கள். ஃபெண்டர் போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஃபெண்டர் கழற்றி மாட்டுகிற சாமான். பெயிண்ட் கனத்தை அளக்கிற மீட்டர் கிடைத்தால் கூரையிலும் பில்லரிலும் வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 300-க்கு மேல் போனால் அடியில் பள்ளத்தை நிரப்புகிற பட்டி (புட்டி) இருக்கிறது.

வெட்டி ஒட்டினால் என்ன, தகடு வேலை செய்கிற நல்ல டிங்கர் என்றால் பலமாகத்தானே பற்ற வைப்பார் என்று கேட்பார்கள். கைவேலையில் நம்ம ஊர் டிங்கர்மாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இப்போதைய கார்களில் பில்லரும் சேசிஸ் காலும் உயர் வலிமை எஃகு. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் கம்பெனி கொடுத்த வலிமை போய்விடும். முன்பக்கச் சேசிஸ் கால் இடியில் மடிந்து விசையை வாங்க வேண்டிய இடம். அது ஒரு தடவை மடிந்து நிமிர்ந்திருந்தால் அடுத்த இடியில் எந்த இடத்தில் மடியும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, கம்பெனியில் பாடி முழுவதையும் துருத்தடுப்புத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் பற்றவைத்த இடத்துக்கு உள்பக்கம் அந்தப் பூச்சு கிடையாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கடற்கரை ஓரத்தில் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்று, அதற்கு மேல் வருஷத்தில் இரண்டு பருவமழை. துரு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வந்து, வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது அடித்தகடு சல்லடையாகியிருக்கும்.

சாதாரண அளவு டேப் ஒன்று போதும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளங்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாதீர்கள். அங்கே அடிக்கிற காற்றில் நல்ல வண்டியும் ஒதுங்கும், கெட்ட வண்டிக்கும் காற்றைச் சாக்குச் சொல்லிவிடுவார்கள். காற்றில்லாத நேரான சாலையில் கொஞ்ச தூரம், பிறகு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வளைவுகளில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பில்லர் வெட்டிய வண்டி வளைவிலும் பள்ளத்திலும் கதவோரம் கிறீச்சென்று சத்தம் போடும்.

தண்ணி கேறின வண்டிக்கு என் பதில் ஒன்றே ஒன்று, வேண்டாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையில் வெள்ளம், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியோடு நம்ம மாவட்டத்திலும் வெள்ளம். முங்கின வண்டிகள் ஊர் மாறித்தான் விற்கும். இன்ஜினை இறக்கி ஏற்றிச் சரிசெய்துவிடலாம். வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்துப்போன செம்பை யாரும் சரிசெய்வதில்லை, அது இரண்டாம் வருஷம் மூன்றாம் வருஷம்தான் வேலையைக் காட்டும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியின் மூலையில் காய்ந்த சேறு, கடைசி வரை இழுத்த பெல்ட்டில் குறுக்கே ஒரு மங்கலான கறைக்கோடு. ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி பேப்பர். நம் நாட்டு ஆர்.சி.யில் டோட்டல் லாஸ் என்று எங்கேயும் அச்சாகாது. ஆனால் இன்சூரன்ஸில் தடயம் இருக்கும். 2018 செப்டம்பர் முதல் விற்ற புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் பாலிசி (நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே வரும். டோட்டல் லாஸ் செட்டில் ஆனால் அந்த பாலிசி அத்தோடு முடிந்துவிடும். ஆகவே இரண்டு வயது வண்டியில், பாதி வருஷத்தில் தொடங்கி, வேறு கம்பெனியில், புதுசாக ஒரு மூன்றாம் நபர் பாலிசி இருந்தால் முதல் பாலிசி எங்கே போனது என்று கேளுங்கள். ஓனரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் இதுவரை செய்த வேலைகளின் பதிவான ஜாப் கார்டு வரிசை வரும். கடைசியாக ஒரு பாடி எஸ்டிமேட், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்றால் கதை புரிந்துவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வரும் கே.எல். 19, கே.எல். 20 வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 74 அல்லது 75-க்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சொன்ன லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். டோட்டல் லாஸ் வண்டியின் ஆர்.சி.யையும் சேசிஸ் நம்பர் உள்ள தகட்டையும் மட்டும் எடுத்துத் திருட்டு வண்டியில் பதிக்கிற மோசடியும் நடக்கிறது. சேசிஸ் நம்பர் பதித்த இடத்தைச் சுற்றி வெல்டு கோடோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் விலை பேசவே உட்காராதீர்கள்.

அப்படியானால் எதை எடுக்கலாம்? தென்னையோ ரப்பர் மரமோ விழுந்து பானட்டும் டிக்கியும் கண்ணாடியும் மட்டும் போனது, பில்லர் வளையவில்லை, அல்லது ஐ.டி.வி. குறைவான பழைய வண்டி, முன்பக்கம் மட்டும் இடித்தது, ஏர்பேக் விரியவில்லை. இப்படிப்பட்டதை, இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த விபத்துப் படங்களையும் ஸ்பேர் பில்லையும் மறைக்காமல் காட்டுகிறவரிடம் எடுக்கலாம். அதற்கும் இடிக்காத வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்பது என் கணக்கு, ஏனென்றால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரும் இதே குறையைச் சொல்லித்தான் பேரம் பேசுவார். கண்ணாடி மாற்றிய வண்டியாக இருந்தால் ஓஸ் பிடித்துப் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே ஃப்ளோர் மேட்டைத் தூக்கி ஈரம் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ் ஆளை வரவழைத்து வண்டியைக் காட்டி, சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து பாலிசி தருவார்களா, ஐ.டி.வி. எவ்வளவு போடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் தருவோம் என்றால், அடுத்த இடிக்கு முழுச் செலவும் உங்கள் தலையில்தான். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிட்டாலும் ஒரு 20,000 ரூபாயாவது பாக்கி வையுங்கள், அரசின் வண்டிப் பதிவு இணையதளமான வாகனில் உங்கள் பெயர் ஏறின அன்றைக்கு அதைக் கொடுத்தால் போதும்.