அலமாரியில் பூட்டிய நாவல்

வீடில்லாத குடும்பத்தைப் பற்றிய ஒரு நாவலை வகுப்பில் வாசிக்கக்கூடாது என்று சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் சிலர் எதிர்த்தார்கள். இன்று முடிவு வந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வாசித்துக் காட்டிவந்த அந்த மொழிபெயர்ப்பு நாவலை நிறுத்த வேண்டுமாம். முப்பத்திரண்டு பிரதிகளையும் எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

"பச்சைப் பிள்ளைகளிடம் வீடில்லாதவர்கள் கதை எதற்கு?" என்று கேட்டார் ஒரு தந்தை. வீடு நிலையில்லாத பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஐயா. அதற்காகத்தான்.

வாடகை கட்ட முடியாமல் காருக்குள் படுத்துறங்கும் அமெரிக்கக் குடும்பத்தின் கதை அது. முதல் நாளே ஒரு சிறுமி என்னை மடக்கினாள்: "கார் வைத்திருப்பவர்கள் எப்படி டீச்சர் ஏழை?" வாடகை, முன்பணம், வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று பாடவேளை முழுவதும் கணக்குப் போட்டார்கள். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பையன் சொன்னான்: "அவர்கள் வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். எங்கள் வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது."

"அந்தப் பிள்ளைகள் கூசிப்போவார்களே" என்கிறீர்கள். நியாயமான கவலை. அதனால்தான் யாருடைய வீட்டைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். தலைஞாயிறு பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது கீற்றுக் கூரை மொத்தமும் போயிற்று. பள்ளி வகுப்பறை ஒன்றில் நான்கு குடும்பங்கள் பதினோரு நாள் இருந்தோம். கரும்பலகைக்குக் கீழே அம்மா படுத்திருந்தாள். பிறகு ஏழு மாதம் தார்ப்பாய்தான் கூரை. கல்லூரியில் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு கதையைச் சின்ன வயதில் யாராவது எனக்கு வாசித்திருந்தால், ஒருத்தியிடமாவது சொல்லியிருப்பேன்.

இந்த நாவலால் பாடத்திட்டம் முடியவில்லை என்பவர்கள் பதிவேட்டைப் பார்க்கட்டும். முடித்துவிட்டேன்.

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்றும் கேட்டார்கள். டெல்டாவில் பிறந்துவிட்டு இதை எப்படிக் கேட்க முடிகிறது? என் பாட்டி குடியிருந்த மனை பண்ணையாருடையது. அவர் முகம் சுளித்தால் சட்டிபானையோடு கிளம்ப வேண்டியதுதான். 1971இல் வந்த குடியிருப்புச் சட்டத்தால்தான் அந்த மனை பாட்டிக்குச் சொந்தமானது. புயலன்று அரிசிப் பானையை விட்டுவிட்டு, பட்டா இருந்த தகர டப்பாவைத்தான் அம்மா முதலில் தூக்கினாள். இதை நான் வகுப்பில் சொல்லக்கூடாதா? யார் மனம் இதில் கெட்டுப்போகும்?

அந்தத் தந்தைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார் பற்றிய கேள்வியைக் கேட்டது உங்கள் மகள்தான். இந்த ஆண்டு என் வகுப்பில் அதைவிட நல்ல கேள்வி வரவில்லை. கடைசி நாற்பது பக்கத்தை நீங்களாவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரதியை நான் தருகிறேன்.