ஷெஃபீல்டை யார் கெடுத்தார்கள்?

எங்கள் ஆட்கள் ஊர்நினைவு எழுதத் தொடங்கினால் பனங்கூடலும் கிணற்றடியும் தேர்முட்டியும் வரிசையாக வரும். நானும் அவற்றை ஆவலோடு வாசிப்பவன்தான். ஆனால் நான்கு வயதில் சாவகச்சேரியை விட்டுப் புறப்பட்ட எனக்கு அவை அம்மா சொல்லிக் கேட்ட கதைகளே தவிர, கண்டு பழகியவை அல்ல. நான் விழுந்து முழங்கால் தேய்த்த ஒழுங்கையும், முதல் சண்டை பிடித்த பாடசாலை முற்றமும், தனியே பஸ் ஏறப் பழகிய தரிப்பிடமும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில்தான் இருக்கின்றன. கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமான பிறகும் ஊர் என்று சொன்னால் மனம் போய் நிற்பது அங்கேதான். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "அது வெள்ளைக்காரன்ரை ஊர், உனக்கென்னடாப்பா அங்கை?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். மறுபக்கத்தில், அதே ஷெஃபீல்டிலிருந்து என்னைப் போலவே கனடாவின் ஹமில்ரன் நகரத்துக்குக் குடிவந்த வயதான ஆங்கிலேயர் சிலர் இருக்கிறார்கள். கோப்பிக்கடையில் சந்தித்தால் மணிக்கணக்காகப் பழங்கதை பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும், வெளியாட்கள் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பெருமூச்சில்தான் அவர்கள் அதைக் கொண்டுபோய் முடிப்பார்கள், எதிரே இருப்பவன் யார் என்பதை மறந்து. இரண்டு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஷெஃபீல்ட் யோர்க்‌ஷயரின் தென்கோடியில், ஐந்து ஆறுகள் வந்து கூடுகிற மேடுபள்ளமான நகரம். ஆற்று நீரின் விசையால் சாணைக்கல்லைச் சுழற்றிக் கத்தி தீட்டத் தொடங்கிய ஊர், காலப்போக்கில் உலகத்துக்கே உருக்கு வார்க்கும் ஊராக வளர்ந்தது. 1913 இல் ஹரி பிரேர்லி துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கியதும் இங்கேதான். சாவகச்சேரி வீட்டில் அம்மம்மா புளி போட்டு மினுக்கிய பித்தளைச் செம்புகளின் இடத்தைப் பிற்காலத்தில் பிடித்துக்கொண்ட சில்வர் செம்புக்கும் நான் வளர்ந்த நகரத்துக்கும் இப்படி ஒரு தொடுப்பு உண்டு. அப்பா உலோகவியல் படிக்க 1973 இல் அங்கே போனார். நாங்களும் கூடவே போனோம். படிப்பு முடிந்ததும் ஓர் உருக்காலையின் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்ததால் அங்கேயே தங்கிவிட்டோம். மலைச்சரிவில் படிபடியாக இறங்கும் செங்கல் தொடர்வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மாடி யன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவில் இதே போன்ற வீடுகளும், அவற்றுக்கு மேலே மூர் எனப்படும் மரமற்ற புல்வெளி மேடுகளும் தெரியும். நகரத்தின் மூன்றிலொரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும் என்பதைப் புகைபோக்கிகளை மட்டும் கேள்விப்பட்டவர்கள் நம்பமாட்டார்கள்.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்லவந்த விடயமே அதில்தான் இருக்கிறது. 1974 இல் தென் யோர்க்‌ஷயருக்கென்று ஒரு மாவட்ட சபை உருவானது. பிரித்தானியாவில் விலைவாசி ஒரே ஆண்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஏறிய 1975 இலேயே, பஸ் கட்டணத்தை இனி உயர்த்துவதில்லை என்று அந்தச் சபை முடிவெடுத்தது. லண்டனிலிருந்த மத்திய அரசு, அது இந்தச் சபையை நடத்திய அதே தொழிற்கட்சியின் அரசாகவே இருந்தும், மானியத்தைக் குறைப்போம் என்று மிரட்டிப் பார்த்தது. இவர்கள் அசையவில்லை. சிறுவர் கட்டணம் 2 பென்ஸ். அந்தச் செம்புக் குற்றியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது வியர்வையில் நனைந்து கையெல்லாம் செம்பு மணக்க, இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனம் பிடிப்பதற்காகப் படியேறி ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். பஸ் மலையிறங்கும்போது நகரம் முழுவதும் காலடியில் விரியும். சனிக்கிழமைகளில் நானும் சிநேகிதர்களும் போகுமிடம் எதுவும் இல்லாமலே பஸ் ஏறுவோம். வழித்தடம் முடியும் இடத்தில் இறங்கி, ஓகஸ்ட் மாதமென்றால் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் மூரில் அலைந்துவிட்டு, இன்னொரு பஸ்ஸில் திரும்புவோம். ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் பேராசிரியரின் பிள்ளையும் ஒரே மேல்தட்டில் இருந்தார்கள். எங்கள் அம்மா கார் ஓட்டப் பழகவே இல்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய அவர் நகரத்தின் எந்த மூலைக்கும் யாருடைய தயவும் இன்றிப் போய்வந்தார்.

இது இலவசமாகக் கிடைத்ததல்ல. ஆதனவரிப் பத்திரம் வீட்டுக்கு வரும் நாளில் அப்பாவின் முகம் இருண்டுவிடும். "இவங்கள் எங்களை உரிச்சுப்போட்டுத்தான் விடுவாங்கள்" என்று மாநகர சபையையும் மாவட்ட சபையையும் ஒருசேரத் திட்டுவார். திட்டிவிட்டு, காரை வீட்டில் நிறுத்திவைத்து, பஸ்ஸிலேயே வேலைக்குப் போவார்.

நூலகமும் அப்படித்தான். சறே வீதியிலுள்ள மத்திய நூலகம் 1934 இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கற்கட்டடம். அதன் மேல்மாடியில் ஓவியக்கூடம், கீழே சிறுவர் பகுதி. வெளியே பனி பெய்தாலும் உள்ளே வெக்கையாக இருக்கும், எவ்வளவு நேரம் இருந்தாலும் எழும்பு என்று யாரும் சொல்வதில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட செய்தி தாமதமாக எங்களை எட்டியது. அங்கே படித்து வளர்ந்தவர் அப்பா. அந்த வாரம் என்னோடு மத்திய நூலகத்துக்கு வந்தவர், ஒரு புத்தகத்தையும் எடுக்காமல் அலுமாரிகளுக்கிடையே நடந்துகொண்டே இருந்தார். பிறகு நூலகர் மேசைக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம், இந்த இடத்தை நடத்துவதற்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவர் வரியைத் திட்டினார், ஆனால் நூலகத்தைச் சேர்த்துத் திட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

நகர மையத்தில் வட்டமான ஒரு நிலத்தடிச் சந்தி இருந்தது. 1967 இல் திறந்தார்கள். நடுவில் கூரையில்லாமல் வானம் தெரியும் என்பதால் ஊரார் அதை வீதியிலுள்ள ஓட்டை என்றே அழைத்தார்கள். அதன் சுவரில் ஒரு மீன்தொட்டி பதித்திருந்தார்கள். கண்ணாடி கலங்கி, மீன்கள் ஏனோதானோவென்று நீந்திக்கொண்டிருக்கும். நகரத்துப் பிள்ளைகள் யாரைச் சந்திப்பதென்றாலும் அதற்கு முன்னால்தான். வெஸ்ரன் பார்க் அரும்பொருட்காட்சியகத்தில் பாடம்பண்ணி நிறுத்திய துருவக் கரடிக்கு அடுத்தபடியாக என் சிறுவயதை ஆக்கிரமித்த உயிரினங்கள் அந்த மீன்கள்தான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் ஊர்நினைவு இல்லை. ஷெஃபீல்டில் 1885 முதல் செய்யப்படும் ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்றொரு கறுப்புச் சாறு உண்டு, போத்தலில் செம்மஞ்சள் ஒட்டுத்தாளுடன் வரும். இறைச்சியும் கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுடும் பை என்ற பண்டத்தின் மேல் அதை ஊற்றாமல் ஊரார் உண்ணமாட்டார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் அடுத்த வீட்டு அம்மையார் ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தார். சுத்த சைவமான அம்மா அதைத் தொடத் தயங்கினார், ஏனென்றால் இதே சாயலுள்ள வூஸ்ரர் சோஸில் நெத்தலி சேர்ப்பார்கள் என்று யாரோ எச்சரித்திருந்தார்கள். அப்பா ஒட்டுத்தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார்: வினாகிரி, கராம்பு, மிளகாய், உள்ளி எண்ணெய், பழப்புளி. மீன் இல்லை. அன்றைக்கே அது எங்கள் கத்தரிக்காய்க் குழம்புக்குள் போனது. பழப்புளி தேடி அலைய வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அம்மாவின் சமையலைக் காப்பாற்றியது அந்தப் போத்தல்தான். இப்போதும் அங்கிருந்து யாரும் வந்தால் நான் கேட்பது அதை மட்டும்தான்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எழுபதுகளின் கடைசியில் சுவர்களில் குடியேறிகளை எதிர்த்த நாஷனல் ஃப்ரண்ட் கட்சியின் எழுத்துகள் இருந்தன. பாடசாலையில் என்னைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுதப் பிரியமில்லை. என் உதட்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அடித்தவனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம் என்பது வேறு விடயம். 1979 நத்தாருக்கு அடுத்தநாள் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஊரின் இரண்டு உதைபந்தாட்ட அணிகளில் ஒன்றான வெட்னஸ்டே மற்றதான யுனைற்றெட்டை 4க்கு 0 என்று உதைத்துத் தள்ளியபோது அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான், இருவரும் வெட்னஸ்டேயின் நீலச்சட்டைக்காரர்.

வெளியாட்கள் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஓர் உண்மையை வசதியாக மறக்கிறார்கள். போருக்குப் பின் உருக்காலைகளில் ஆள் போதாதிருந்தபோது, சூளை வாயிலில் நின்று உழைக்க வந்தவர்களில் யேமன்காரரும் பாகிஸ்தானியரும் ஏராளம். உள்ளூர்க்காரர் தட்டிக்கழித்த இரவு முறைகளும் அதிக வெக்கையான இடங்களும் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தன. அற்றர்கிளிஃப் பக்கம் அம்மா மிளகாய்த்தூளும் பருப்பும் வாங்கிய கடைகளை நடத்தியவர்கள் அவர்களின் குடும்பத்தார்தான். ஆலைகள் மூடியபோது முதலில் வீதிக்கு வந்தவர்களும் அவர்களே.

அந்த மூடலுக்கு நாளும் வருடமும் இருக்கின்றன. 1980 ஜனவரியில் தொடங்கிய தேசிய உருக்கு வேலைநிறுத்தம் ஏப்ரல் வரை நீண்டது. அதற்குப் பின்னான சில வருடங்களில் டொன் பள்ளத்தாக்கின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. இரவில் சிவந்து தெரிந்த அடிவானம் சாதாரண இருட்டாக மாறியது. பெயர்பெற்ற ஓர் ஆலை நின்ற இடத்தில் 1990 இல் மெடோஹோல் என்ற பிரமாண்டமான கடைத்தொகுதி எழுந்தது. 1984 ஜூன் 18 அன்று, நகரத்தின் விளிம்பிலுள்ள ஓர்கிறீவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் மீது குதிரைப் பொலிஸ் பாய்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். முந்தைய வருடம்தான் கொழும்பில் எங்கள் ஆட்களுக்கு நடந்ததைக் கேட்டு உறைந்திருந்தோம். இரண்டும் ஒன்றல்ல என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார், யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. 1985 இல் அவருடைய பரிசோதனைக்கூடமும் மூடப்பட்டது. சாவகச்சேரிக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. இன்னொரு உருக்கு நகரமான ஹமில்ரனில் வேலை கிடைத்தது.

நாங்கள் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1986 ஏப்ரல் 1 முதல், தட்சர் அரசு அந்த மாவட்ட சபையையே கலைத்துவிட்டது. அதோடு மலிவுக் கட்டணமும் போனது. கட்டணம் ஒரே பாய்ச்சலில் பல மடங்காக உயர்ந்தது. அதே வருடம் ஒக்ரோபர் 26 அன்று, லண்டனைத் தவிர பிரித்தானியா முழுவதும் பஸ் சேவை தனியாரின் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. இலாபமுள்ள வழித்தடத்தில் நாலு கம்பனி மோதிக்கொண்டன, மலையுச்சித் தெருக்களுக்கு மாலையில் பஸ்ஸே இல்லை. பிற்காலத்தில் நான் போய்ப் பார்த்தபோது, எங்கள் தெரு முதியவர்கள் கடைக்குப் போவதற்கு மகனோ மகளோ காருடன் வரும்வரை காத்திருந்தார்கள்.

ஆகவே என் ஆங்கிலேய நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். நாம் ஏங்குவது எதற்கு? மலிவு பஸ்ஸுக்கு, நீச்சல் தடாகத்துக்கு, இருட்டும்வரை திறந்திருந்த நூலகத்துக்கு, அப்பனுக்கு நிலையான வேலை இருந்த வீட்டுக்கு. இவற்றில் எதை யேமன்காரர் எடுத்துக்கொண்டு போனார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு வாக்கெடுப்பு, ஒரு கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துகளுக்கு அவர்களில் சிலரே வாக்குப் போட்டார்கள். அதைச் சொன்னால் மட்டும் கோப்பி ஆறிவிடுகிறது.

மாநகர சபை புனிதமானது என்றும் நான் சொல்லவில்லை. 1991 உலக மாணவர் விளையாட்டுப் போட்டிக்காக வாங்கிய கடனை நகரம் பல தசாப்தங்களாகக் கட்டி அழுதது. அதற்கென்று கட்டிய அரங்கையே பிறகு இடித்தார்கள். 2014க்குப் பின் நல்ல நிலையிலிருந்த தெருமரங்களை ஆயிரக்கணக்கில் தறித்து, தடுத்த முதியவர்களைப் பொலிஸார் கைதுசெய்யும் நிலைக்கும் கொண்டுபோனார்கள். மீன்தொட்டி இருந்த நிலத்தடிச் சந்தியை 1994 இல் ட்ராம் பாதைக்காக நிரப்பியது சரியான வேலை என்பதுகூட என் கருத்து. கடைசிக் காலத்தில் அது மூத்திர நாற்றம் வீசும் குழியாகத்தான் இருந்தது. பொதுப்பணத்தை மூடத்தனமாகவும் செலவிடலாம், அதற்கும் ஷெஃபீல்டே சாட்சி. ஆனால் மூடத்தனத்துக்கு அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்கலாம். மரம் தறித்த சபையிடம் மக்கள் கேட்டார்கள்.

ட்ராம் சேவை 2024 மார்ச்சில் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பஸ்களையும் அப்படியே மீட்பதென்று 2025 மார்ச்சில் தென் யோர்க்‌ஷயர் முடிவெடுத்திருக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் பஸ், என்ன கட்டணம் என்பதை இனித் தெரிவுசெய்யப்பட்டவர்கள் தீர்மானிப்பார்கள். கட்டணம் 2 பென்ஸுக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பவன் நானல்ல. செய்தியைக் கோப்பிக்கடை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அதற்கும் வரியைத்தான் கூட்டப் போகிறார்கள்" என்றார். கூட்டத்தான் செய்வார்கள். அப்பா இருந்திருந்தால் அவரும் அதையே சொல்லித் திட்டியிருப்பார், திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்.