அவர் ஒரு நடிகர், அதை முதலில் சொல்லுங்கள்

நேற்று அந்த வீடியோவை யார் யாரெல்லாம் பகிர்ந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை கோட் போட்ட சின்ன உருவம் முதுகில் ஜெட்பேக் மாட்டிக்கொண்டு பறக்கிறது. "யார்றா இந்தக் குள்ளன்?" என்று மேலே ஒரு வரி. உலக சினிமா பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிற நண்பர்கள்கூடக் கீழே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஒருவருக்காவது பெயரைத் தேடிப் பார்க்கத் தோன்றியதா?

வெங் வெங். இயற்பெயர் எர்னெஸ்டோ டி லா குரூஸ். 1957இல் பிறந்த பிலிப்பைன்ஸ் நடிகர். உயரம் 83 சென்டிமீட்டர். கதாநாயகனாக நடித்தவர்களிலேயே உயரம் குறைந்தவர் என்று அந்தக் காலத்தில் கின்னஸில் இடம் பிடித்தவர். நீங்கள் பார்த்தது 1981இல் வந்த 'ஃபார் யுவர் ஹைட் ஒன்லி'. ஜேம்ஸ் பாண்டைக் கிண்டலடித்து, சொற்பச் செலவில் எடுத்த படம். இயக்குநர் எடி நிகார்ட் ஸ்டன்ட் துறையிலிருந்து வந்தவர். தரையோடு சறுக்கி வந்து அடியாட்களின் கால்களுக்கு நடுவே புகுந்து அடிக்கிறாரே, அதைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கிராபிக்ஸ் எதுவும் கிடையாது. அந்தச் சின்ன உடம்பு வாங்கிய அடிதான் அது. அவர் நடிகர். வேலை தெரிந்த நடிகர்.

"சிரிக்க வைக்கத்தானே படம் எடுத்தார்கள்?" சரி, சிரியுங்கள். படத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு, ஆளைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

"அவர் சம்மதித்துத்தானே நடித்தார்?" இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அப்போதைய பிலிப்பைன்ஸ் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் பணத்தை வாரி இறைத்து நடத்திய 1982 மணிலா திரைப்பட விழாவில், வெளிநாட்டு வியாபாரிகளிடம் நன்றாக விலைபோனது இவர் படம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ லீவோல்ட் பல வருடம் அலைந்து இவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். வந்த பணத்தில் இவர் கைக்குப் பெரிதாக எதுவும் சேரவில்லை என்றுதான் அதில் குடும்பத்தார் சொல்கிறார்கள். 1992இல் இறந்தபோது வயது 34. அந்தக் கடைசி வருடங்களில் எந்தத் தயாரிப்பாளர் எட்டிப் பார்த்தார்?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். என் இடுப்பளவுதான் அவர் உயரம். கல்யாண மண்டப வாசலில் ஜோக்கர் வேஷத்தில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுப்பார். சித்திரை வெயிலில் அந்த நைலான் சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்திருக்கும். பன்னீர் தெளிக்க வந்த பெண்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் அவருக்குக் கூலி. ஒருமுறை கேட்டிருக்கிறார். "உனக்கு வேற யாரு வேலை குடுப்பா?" என்றாராம் கான்ட்ராக்டர். அடுத்த முகூர்த்தத்துக்கும் அண்ணன் போனார், போகாமல் என்ன செய்வார்? இதற்கும் சம்மதம் என்றுதான் பெயர் வைப்பீர்களா?