30 சொல்லுக்கும் 3,000 சொல்லுக்கும் நடுவே

இலங்கையின் மலையகத்தை, அங்குள்ள தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இப்போது இரண்டே அளவுதான் இருக்கிறது. ஒன்று, தோட்டங்களுக்கு ஆள் வரத் தொடங்கியதாகச் சொல்லும் 1823இல் புறப்பட்டு இன்றைய சம்பளம் வரை நடந்தே வரும் வலைப்பூக் கட்டுரை. இல்லாவிட்டால் கோபத்தை மட்டும் கொட்டும் இரண்டு வரி. முன்னதை முழுசாக வாசிப்பவர் குறைவு. பின்னதில் வாசிக்க ஒன்றுமில்லை. நமக்குத் தோதான அளவு 200 முதல் 400 சொல் வரை என்பது என் கட்சி.

டுவிட்டர் 2017இல் 140 எழுத்தை 280 ஆக்கியது. தமிழுக்கு அது பெரிய தாராளம் இல்லை. "கொழுந்து" கண்ணுக்கு 4 எழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் 8. ஆக, காசு கட்டாத கணக்கில் அடங்குவது ஏறக்குறைய 30 சொல். குற்றச்சாட்டுக்குப் போதும், ஆதாரத்துக்குக் காணாது. தொடராக உடைத்துப் போட்டாலோ நாலாவது துண்டை மட்டும் யாராவது உருவிப் பகிர்வார்கள்; மூன்றாவதில் நீங்கள் போட்ட "ஆனால்" அதோடு போகாது.

நடுத்தரப் பதிவுக்குச் சட்டம் ஒன்றுதான்: ஒரு பதிவு, ஒரு கேள்வி. சம்பளத்தையே எடுங்கள். 2021 மார்ச்சில் அரசாங்க வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பது 900 அடிப்படைச் சம்பளமும் 100 கொடுப்பனவும். "கிடைத்துவிட்டது", "கிடைக்கவே இல்லை" என்று இரு தரப்பும் இரண்டிரண்டு வரியில் மல்லுக்கட்டின. இடையில் கிடந்தது அரைப்பேர். குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் முழுப்பேருக்குப் பதில் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை என்று விழும். அன்றைக்குக் கையில் பாதிதான். வர்த்தமானி என்ன சொல்கிறது, அந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ கேட்கிறார்கள், சம்பளத் துண்டில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர் விழுந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் 250 சொல் தாராளம். கங்காணி முறை, பிரஜாவுரிமைச் சட்டம், வீட்டுக்கான 7 பேர்ச் காணி எல்லாம் வேறு வேறு பதிவு. அவற்றையும் இதற்குள் திணித்தால் கட்டுரையாக வீங்கி, முடியாமலே கிடக்கும்.

முகநூல் "மேலும் பார்க்க" என்று மடிப்பதற்கு முன் சில வரிதான் தெரியும். கேள்வி அங்கேயே வந்துவிட வேண்டும். "அன்பார்ந்த மலையக உறவுகளே" என்று தொடங்கினால் அந்த இடம் வணக்கத்திலேயே தீர்ந்துவிடும். எழுத்தைப் படமாக்கிப் போடவும் வேண்டாம்: தேடினால் அகப்படாது, சிக்னல் மங்கிய லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) திறக்காது. சம்பளத் துண்டைப் படம் பிடித்துப் போட்டால் தொழிலாளியின் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். தோட்டத்து முகாமையாளர், அதான் துரை, பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் இந்த அளவு சரிவராது. மண்சரிவு எச்சரிக்கை இரண்டு வரியைத் தாண்டவே கூடாது: எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, மஞ்சளா செம்மஞ்சளா சிவப்பா, எத்தனை மணி வரை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மலை ஏன் சரிந்தது என்பதற்கோ 3,000 சொல்லும் காணாது.

பதிவை வட்ஸ்அப் குழுவில் நகலெடுத்து ஒட்டும்போது பெயரும் திகதியும் உதிர்ந்துவிடும். பழைய சம்பளக் கணக்கு புதுசுபோலச் சுற்றும். அதனால் கடைசி வரியில் இரண்டையும் எழுதிவிடுங்கள். பிழை திருத்தினால் கொமெண்டில் அல்ல, பதிவுக்குள்ளேயே திருத்தம் என்று குறியுங்கள். பழைய வலைப்பூவை மூடாதீர்கள். மாதம் ஒருமுறை பதிவுகளை அங்கே ஒட்டி, தோட்டம், ஆண்டு, விடயம் என்று லேபல் போடுங்கள். ஒரே லேபலில் பத்துப் பதிவு சேர்ந்த பிறகு அந்த நீண்ட கட்டுரைக்கு உட்காரலாம்.