பழைய போர்தோவுக்கு இரண்டு மணி நேரக் காற்று வேண்டாம்
பிரான்ஸின் போர்தோ பகுதியில் தயாராகும் எந்தச் சிவப்பு ஒயினையும் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே டிகாண்டரில் (அகன்ற கண்ணாடிக் குடுவையில்) ஊற்றிக் காற்றுபட வைக்கவேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது இளம் ஒயினுக்கு மட்டுமே பொருந்தும். போர்தோவிலுள்ள போயாக் என்ற ஊரின் ஐந்தாறு வயதான ஒயினில், துவர்ப்பைத் தரும் டானின் ஈறைப் பிடித்து இழுக்கும். அதற்குக் காற்று நல்லது. 1982-ஆம் ஆண்டு ஒயினை அப்படி வைத்தால் மிச்சமிருக்கும் மென்மையான மணம் கிளாஸுக்கு வருமுன்பே போய்விடும். பழைய ஒயினை டிகாண்டரில் ஊற்றுவதே வண்டலைப் பிரிக்கத்தான். பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். குடிக்கப் போகும் நேரத்தில் கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம் வைத்து, ஒரே சீராக, மெதுவாக ஊற்றுங்கள். புகை இழை மாதிரி வண்டல் பாட்டிலின் தோளை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். நடுவில் ஒருமுறை நிமிர்த்தினாலும் எல்லாம் கலங்கி, கசப்பும் நறநறப்பும் வந்துவிடும். ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும், கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள், அவ்வளவுதான். கிளாஸைச் சுழற்றுவதற்கு முன்பே ஒருமுறை முகர்ந்து பாருங்கள்: நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கால் கெட்ட ஒயின், எத்தனை மணி நேரம் திறந்து வைத்தாலும் தேறாது. கிளாஸில் ஒயினின் விளிம்பு செங்கல் நிறமானால் கெட்டுவிட்டது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். முப்பது வயது ஒயினுக்கு அது இயல்பான நிறம். வினிகர் நெடியோ, வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாடையோ வந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.